‘குறி தப்பிவிட்டது’ என்பவர்களுக்கு

கே.எச்-22 கடலுக்காகப் பிறந்த ஏவுகணை. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களை எப்படி மூழ்கடிப்பது என்று 1960-களில் சோவியத் பொறியாளர்கள் மண்டையைக் குடைந்ததன் விளைவு அது. 11 மீட்டருக்கு மேல் நீளம், ஐந்தரை டன்னுக்கு மேல் எடை, மூக்கில் ஏறத்தாழ 950 கிலோ வெடிமுனை. பாய்ந்து இறங்கும்போது ஒலியைவிடப் பல மடங்கு வேகம். அலையைத் தவிர வேறொன்றும் இல்லாத பரப்பில் ஒரு இரும்பு மலை மிதக்கிறது. அதன்மீது பட்டுத் திரும்பும் ரேடார் அலையைப் பிடித்துக்கொண்டே போய் மோதுவதுதான் இதற்குத் தெரிந்த வித்தை. கொஞ்சம் தப்பினாலும் பாதகமில்லை என்று அணுகுண்டு பொருத்திய ரகமும் இருந்தது. அணுகுண்டுக்கு அரை கிலோமீட்டர் அப்படி இப்படிப் போனால்தான் என்ன?

2023 ஜனவரி 14, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணியைத் தாண்டிய நேரம். அந்த ரக ஏவுகணை ஒன்று உக்ரைனின் டினிப்ரோ நகரில், ஆற்றங்கரையோரம் போகும் ‘வெற்றிக் கரைச்சாலை’யில் 118-ஆம் எண் கட்டடத்தைப் பிளந்தது. ஒன்பது மாடி. பழைய நாட்காட்டிப்படி அன்று புத்தாண்டு. வார விடுமுறை வேறு. ஜனங்கள் வீட்டில் இருந்தார்கள். 46 பேர் செத்தார்கள், அவர்களில் 6 பேர் குழந்தைகள். 80 பேர் காயப்பட்டார்கள்.

இடிபாடுகளை அள்ளி முடிப்பதற்குள்ளேயே ஒரு தீர்ப்பு உலகம் முழுக்கச் சுற்றத் தொடங்கிவிட்டது. ஏவுகணை குறி தப்பிவிட்டது. அல்லது வான் பாதுகாப்புப் படை இடைமறித்ததில் தடம் மாறி வீட்டின்மேல் விழுந்துவிட்டது. எப்படியானாலும் வேண்டுமென்று செய்ததில்லை. யூடியூபில் போர் நிலவரம் அலசுகிற நம்மூர் நிபுணர்கள் இதையே ‘யுத்தம்னா நாலு இடத்துல தப்பத்தான் செய்யும்’ என்று சொல்கிறார்கள். சொல்பவர்களில் ரஷ்ய அபிமானிகள் மட்டும் இல்லை. எந்தப் பக்கமும் சாயாமல் நியாயமாகப் பேசுகிறோம் என்று நினைப்பவர்களும், கொலை என்ற வார்த்தையைச் சொல்லத் தயங்குகிற மென்மையானவர்களும் இங்கேதான் வந்து ஒதுங்குகிறார்கள். நடுநிலை போலத் தோன்றும் இந்த இடம் உண்மையில் நடுநிலையே அல்ல.

காரணம், ‘குறி தப்பியது’ என்று சொல்ல வேண்டுமானால் முதலில் குறி என்று ஒன்று இருந்திருக்க வேண்டும்.

கடலில் ஒரு கப்பல் தனியாகத் தெரியும். நகரத்தில் எதுவும் தனியாகத் தெரியாது. ஆலைக் கூரை, மின்கோபுரம், பாலம், அடுக்குமாடி எல்லாமே ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். இந்தக் குழப்பத்துக்குள் கே.எச்-22-ஐ அனுப்பினால் இலக்கிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி விழுவது அதற்கு இயல்பு, கோளாறு அல்ல. நகரத்தில் நூறு மீட்டர் என்றால் ஒரு தெரு. ஐந்நூறு மீட்டர் என்றால் ஒரு பேட்டை, அதற்குள் ஒரு பள்ளிக்கூடம், இரண்டு மளிகைக் கடை, நாலு குடியிருப்பு. அவ்வளவு இடத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்று தெரிந்த ஒன்றை, ஏறக்குறைய ஒரு டன் வெடிமுனையோடு அனுப்புகிறவன் ஒரு மின்நிலையத்தைக் குறிவைத்தான் என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டிருப்பான். அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள ஊரின்மேல்தான் ஏவினான்.

இது பிற்பாடு யோசித்துச் சொல்கிற புத்திசாலித்தனம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. டினிப்ரோவுக்கு ஆறேழு மாதம் முன்பே இரண்டு ஒத்திகை நடந்துவிட்டது. 2022 ஜூன் 27 அன்று கிரெமென்சுக் நகரில் இரண்டு கே.எச்-22. ஒன்று சாலை போடும் எந்திரங்கள் செய்யும் தொழிற்சாலைப் பக்கம் விழ, இன்னொன்று பட்டப்பகலில் ஆட்கள் நிறைந்திருந்த ஆம்ஸ்தோர் பேரங்காடிக்குள் இறங்கியது. 20 பேருக்கு மேல் வெந்து செத்தார்கள். அங்காடி இயங்கவே இல்லை, பக்கத்தில் ஆயுதக் கிடங்கு வெடித்து அதில் தீப்பிடித்தது என்றது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம். நாலே நாளில், ஜூலை 1-ஆம் தேதி விடியுமுன், ஒடேசா பக்கத்துக் கடலோரச் சிற்றூரான செர்ஹியிவ்காவில் ஒன்பது மாடிக் குடியிருப்பொன்றும் விடுமுறை விடுதியொன்றும் தாக்கப்பட்டன. 21 பேர் போனார்கள். அதே ரக ஏவுகணை. ரஷ்யப் படை சிவிலியன் இலக்குகளைத் தொடுவதில்லை என்று கிரெம்ளின் செய்தித் தொடர்பாளர் திமித்ரி பெஸ்கோவ் அன்றைக்கும் சொன்னார்.

பிரேக் பிடிக்காத லாரி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் அது சந்தைக்குள் புகுந்து இருபது பேரைக் கொன்றது. நாலு நாள் கழித்து ஒரு வீட்டுக்குள் புகுந்து இன்னும் இருபது பேரைக் கொன்றது. முதலாளி லாரியை ஷெட்டுக்கு அனுப்பவில்லை. ஜனவரியில் அதே லாரியில் பாரம் ஏற்றி, ஞாயிறு சனி பார்த்து, ஜனங்கள் வீட்டில் இருக்கிற நேரத்தில் ஊருக்குள்ளேயே ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறை நடந்ததை எந்தக் காவல் நிலையத்தில் ‘விபத்து’ என்று எழுதுவார்கள்?

லாரி உவமைகூட இங்கே கொஞ்சம் தாராளமானதுதான். லாரியாவது சாவியைத் திருகினால் கிளம்பிவிடும். கே.எச்-22-இல் ஊற்றும் திரவ எரிபொருளும், அதை எரிக்க உதவும் நைட்ரிக் அமிலக் கலவையும் தோலில் பட்டாலே ஆபத்து; தரைப் பணியாளர்கள் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டுதான் நிரப்ப வேண்டும். அதைச் சுமக்கும் டி.யு-22எம்3 குண்டுவீச்சு விமானத்தில் நாலு பேர் ஏற வேண்டும். எங்கே ஏவுவது, எதை நோக்கி என்று ஒருவர் எண்களை எழுதித் தர வேண்டும். இன்னொருவர் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். விமானம் கிளம்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நின்றே ஏவிவிட்டுத் திரும்ப வேண்டும். இத்தனை பேர் இத்தனை நேரம் செய்கிற வேலையின் கடைசி நொடி மட்டும் தற்செயல் என்பது விசித்திரமான கணக்கு.

இந்தக் கணக்கு சட்டத்துக்கும் ஒவ்வாது. ஜெனிவா உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்ந்த முதல் கூடுதல் நெறிமுறையின் 51-ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு ராணுவ இலக்கை நோக்கிச் செலுத்த முடியாத ஆயுதத்தையோ முறையையோ பயன்படுத்துவதையே தடை செய்கிறது. 57-ஆம் பிரிவு, எந்த ஆயுதம் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே பொதுமக்களை மனதில் வைக்கச் சொல்கிறது. அதாவது, ‘வேண்டுமென்றே வீட்டைக் குறிவைத்தானா?’ என்ற ஒரே கேள்வியோடு சட்டம் நின்றுவிடவில்லை. ‘இதை ஏன் எடுத்தாய்?’ என்றும் கேட்கிறது. சோவியத் ஒன்றியம் 1989-இல் இதை முறைப்படி ஏற்று ஒப்புதல் அளித்தது. ரஷ்யா அதன் வாரிசு. இதே நெறிமுறையின் கீழ் இயங்கும் சர்வதேச உண்மை கண்டறியும் ஆணையத்தின் அதிகாரத்தை ஏற்பதாகக் கொடுத்திருந்த ஒப்புதலை மட்டும் 2019-இல் விளாதிமிர் புதின் திரும்பப் பெற்றுக்கொண்டார். முன்யோசனைக்காரர்.

இனி, இடைமறிப்புக் கதை. இதற்கு ஒரு உக்ரைனியரே வாயால் வழி திறந்துவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதிபர் அலுவலகத்தின் ஆலோசகர் ஒலெக்சி அரெஸ்தோவிச், தாக்குதல் நடந்த அன்றிரவு நேரலை ஒன்றில், ஏவுகணையை நம் ஆட்கள் சுட்டதால் அது கட்டடத்தில் விழுந்திருக்கும் என்று பேசிவிட்டார். நாடே கொதித்தது. தான் செய்தது அடிப்படைப் பிழை என்று மன்னிப்புக் கேட்டு, ஜனவரி 17-ஆம் தேதி பதவி விலகல் கடிதம் கொடுத்தார். ஆனால் வாயிலிருந்து விழுந்த சொல்லைப் பொறுக்கிக்கொள்ள ஆட்கள் தயாராக இருந்தார்கள். 16-ஆம் தேதியே பெஸ்கோவ், ரஷ்யப் படைகள் குடியிருப்புகளைத் தாக்குவதில்லை என்று வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, உக்ரைன் தரப்பிலேயே சிலர் வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்களே என்று விரல் நீட்டினார்.

அரெஸ்தோவிச் சொன்னது ஏன் பிழை? கே.எச்-22-ஐச் சுட்டு வீழ்த்தும் கருவியே அன்று உக்ரைனிடம் இல்லை என்று அந்நாட்டு விமானப் படை உடனே அறிவித்தது. போர் தொடங்கியதிலிருந்து இந்த ரகத்தில் 210-க்கு மேல் ஏவப்பட்டும் ஒன்றைக்கூட வீழ்த்த முடியவில்லை என்றும் சொன்னது. ஒரு ராணுவம் தன் கையாலாகாத்தனத்தைத் தானே பறைசாற்றுவது சாதாரணமாக நடப்பதல்ல. வீழ்த்தினோம் என்று பீற்றிக்கொள்வதுதான் வழக்கம். இத்தகைய ஏவுகணையை எதிர்கொள்ளக்கூடிய பேட்ரியட் அமைப்பு உக்ரைன் மண்ணுக்கு வந்து சேர்ந்தது 2023 ஏப்ரலில், அதாவது மூன்று மாதம் கழித்து. இன்னொன்றும் உண்டு. சோவியத் உடைந்தபோது உக்ரைனுக்கும் பங்காக டி.யு-22எம்3 விமானங்கள் வந்தன. அமெரிக்கப் பண உதவியோடு அவற்றை ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டார்கள், கடைசி விமானம் 2006 ஜனவரியில் அறுபட்டது. ஒன்று பொல்தாவா அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நிற்கிறது. இந்த விமானமும் இது சுமக்கும் சரக்கும் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது அவர்களுக்கு யாரும் பாடம் எடுத்துத் தெரிய வேண்டியதில்லை.

உக்ரைன் விமானப் படை சொல்வதை நம்பமாட்டேன் என்று ஒருவர் அடம்பிடிக்கலாம். சரி, நம்ப வேண்டாம். சுட்டே விட்டார்கள், அதனால்தான் திசை மாறியது என்றே வைத்துக்கொள்வோம். ஐ.நா. பாதுகாப்பு அவையில் ரஷ்யத் தூதர் வசிலி நெபென்சியா வைத்த வாதமும் ஏறக்குறைய இதுதான்: எரிசக்தி நிலையத்தைத்தான் குறிவைத்தோம், உக்ரைனின் வான் பாதுகாப்புதான் அதை வீட்டுக்குத் திருப்பியது. இந்த வாதத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஏவுகணை தங்களுடையதுதான் என்பதை அவர் ஒப்புக்கொண்டுவிடுகிறார். மாஸ்கோவில் பெஸ்கோவ் போர்த்திய போர்வையை நியூயார்க்கில் நெபென்சியா விலக்கிவிட்டார்.

மிச்சம் இருப்பது சின்னக் கேள்வி. ஒருவன் உங்கள் வீட்டைப் பார்த்துக் கல்லெறிகிறான். நீங்கள் கையை நீட்டித் தடுக்கிறீர்கள். கல் விரலில் பட்டுத் தெறித்து, பக்கத்தில் நின்ற குழந்தையின் நெற்றியைப் பிளக்கிறது. பஞ்சாயத்தில் உங்களை நிறுத்தி, ‘கையை ஏன் நீட்டினாய்?’ என்று கேட்பார்களா? ஊருக்குள் வரும் ஏவுகணையைச் சுடாமல் விட்டுவிடுவது ஒரு அரசின் கடமை என்று சொல்லும் துணிவு யாருக்காவது இருந்தால்தான் இடைமறிப்புக் கதை ஒரு சமாதானமாக நிற்கும்.

இடைமறிப்பு ஏவுகணை ஊருக்குள் விழுந்து ஆள் செத்ததே இல்லை என்று இங்கே யாரும் சாதிக்கவில்லை. 2022 நவம்பர் 15-இல் போலந்தின் பிஷெவோதுவ் கிராமத்தில் இரண்டு பேரைக் கொன்றது, ரஷ்ய ஏவுகணைகளைத் துரத்தப் போன உக்ரைனின் எஸ்-300 என்றே போலந்தும் நேட்டோவும் முடிவுக்கு வந்தன. 2023 செப்டம்பர் 6-இல் கொஸ்தியாந்தினிவ்கா சந்தையில் 15 பேருக்கு மேல் செத்ததற்கு, தடம் மாறிய உக்ரைனின் பூக் ஏவுகணையே காரணமாக இருக்கக்கூடும் என்றது நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் புலனாய்வு. உக்ரைன் அதை ஒப்புக்கொள்ளத் தயங்கியது. அது அதன் தவறு, கண்டிக்க வேண்டிய தவறு. ஆனால் அங்கே நடந்ததை எடுத்து இங்கே ஒட்டவைப்பதற்கு அது உரிமம் ஆகிவிடாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதனதன் உலோகத் துண்டு சாட்சி சொல்லும்.

‘டினிப்ரோ ராக்கெட் நகரம் ஆயிற்றே’ என்பது அடுத்த முணுமுணுப்பு. ஆமாம். சோவியத் காலத்தில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைச் செய்த யுஷ்மாஷ் ஆலை அங்கேதான் இருக்கிறது; வெளிநாட்டவர் உள்ளே நுழைய முடியாத மூடிய நகரமாகப் பல்லாண்டு கிடந்தது. அந்த ஆலை இருப்பது நகரின் வேறொரு மூலையில். கரைச்சாலைக் குடியிருப்பிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவு. அக்கரையில் இருக்கும் அனல்மின் நிலையம்தான் இலக்கு என்று ஊகித்தவர்களும் உண்டு. அந்த ஊகத்தை ஏற்றுக்கொண்டால், இவ்வளவு அகலமான ஆற்றில் எந்தக் கரையில் விழும் என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாத ஆயுதத்தை எடுத்தார்கள் என்று ஆகும். வாதாடுகிறவர் இதைத் தன் கட்சிக்காரருக்குச் சாதகமான சாட்சி என்று நினைப்பதுதான் வேடிக்கை.

அந்தக் கட்டடத்துக்குக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். சோவியத் ஒன்றியம் எங்கும் அச்சில் வார்த்தது போல் எழுப்பிய கான்கிரீட் பலகைக் கட்டடம் அது. தூண், உத்தரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சுவர்ப் பலகைகளே ஒன்றின்மேல் ஒன்றாக நின்று மேலேயுள்ள சுமையைத் தாங்கும். நீளமான கட்டடம், பல வாசல்கள், ஒவ்வொரு வாசலுக்கும் தனிப் படிக்கட்டு. கீழே நாலு பலகை போனால் அந்த வாசலுக்கு மேலேயுள்ள அத்தனையும் சீட்டுக்கட்டு மாதிரி இறங்கிவிடும். அன்று இரண்டு வாசல் பகுதிகள் தரையோடு தரையாயின. அழிந்த வீடுகள் 72. இரண்டு வாசல், ஒன்பது மாடி. கணக்குப் போட்டால் மாடிக்கு நாலு வீடு. ஒன்று மிச்சமில்லை.

இடிந்த பகுதியின் விளிம்பில் ஒரு சமையலறை தொங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சுவர் முழுசாகப் பெயர்ந்து போயிருக்க, உள்ளே பளிச்சென்ற மஞ்சள் அலமாரிகள் கதவுகூடத் திறக்காமல் அப்படியே. மேசைமேல் ஒரு பாத்திரத்தில் பழங்கள். மதியச் சாப்பாடு முடித்து யாரோ எழுந்து போன மாதிரி. அந்தப் படம் உலகமெங்கும் அச்சானது. பின்னால் ஒரு காணொளியும் வெளிவந்தது: அதே மஞ்சள் அலமாரிகளுக்கு முன்னால் ஒரு குடும்பம் மகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறது. அந்தத் தகப்பன் ஜனவரி 14-ஆம் தேதி இறந்தவர்களில் ஒருவர். கடும் குளிரில், மூன்றாம் நாள் தாண்டியும், ஜனவரி 17 மதியம் ஒரு மணிவரை தோண்டினார்கள். அவ்வப்போது எந்திரங்களை நிறுத்திவிட்டு, வேடிக்கை பார்த்தவர்களையும் வாய்மூடச் சொல்லி, கான்கிரீட்டுக்கு அடியில் யாராவது முனகுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். 39 பேரை உயிரோடு எடுத்தார்கள்.

குறி தவறும் ஆயுதத்தைப் பற்றிய வாதம் இருபத்தோராம் நூற்றாண்டில்தான் முளைத்தது என்பதும் இல்லை. 1944 செப்டம்பர் 8-ஆம் தேதி மாலை லண்டனின் சிஸ்விக் பகுதியில் ஒரு தெரு வெடித்து மூன்று பேர் செத்தார்கள். ஹிட்லரின் வி-2 ஏவுகணை லண்டனில் முதன்முதலாக இறங்கிய நாள். ஒலியைவிட வேகமாக வந்ததால் வருவது யாருக்கும் கேட்கவில்லை. காஸ் குழாய் வெடித்துவிட்டது என்று பிரிட்டிஷ் அரசு கசியவிட்டது. வாரக்கணக்கில் ஊரெங்கும் ‘காஸ் குழாய்’ வெடிக்கவே, லண்டன்வாசிகள் அதற்குப் ‘பறக்கும் காஸ் குழாய்’ என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். நவம்பர் 10-இல்தான் சர்ச்சில் உண்மையை நாடாளுமன்றத்தில் சொன்னார். அதே மாதம் 25-ஆம் தேதி, அதுவும் ஒரு சனிக்கிழமை, நியூ கிராஸ் வுல்வொர்த்ஸ் கடையில் சமையல் பாத்திரங்கள் வந்திறங்கியிருக்கின்றன என்று கேள்விப்பட்டுக் கூட்டம் கூடியிருந்த மதிய வேளையில் ஒரு வி-2 விழுந்தது. 168 பேர்.

வி-2 ஒரு நகரத்தைத்தான் குறிவைக்க முடியும். நகரத்துக்குள் ஒரு தெருவை அல்ல. நியூ கிராஸ் பாத்திரக்கடையை ஹிட்லர் குறிவைக்கவில்லை என்பது சத்தியமான உண்மை. ஆனாலும் அந்தச் சாவுகளைக் ‘குறி தப்பியதால் நேர்ந்தவை’ என்று எழுதிய வரலாற்றாசிரியர் யாராவது உண்டா? துல்லியமின்மையே அதன் பயங்கரம் என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். எங்கே விழும் என்று தெரியாமல் அனுப்புவதே குற்றம். எண்பது ஆண்டில் அந்த நியாயம் தலைகீழாகி, எங்கே விழும் என்று தெரியாமல் அனுப்பியதே மன்னிப்புக்குக் காரணமாகிவிட்டது.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும், வர வேண்டும்: அமெரிக்கா செய்யவில்லையா? செய்தது. 1991 பிப்ரவரி 13, பாக்தாதின் அமிரியா. லேசர் வழிகாட்டிய இரண்டு குண்டுகள் குறி இம்மியும் தப்பாமல் ஒரு பதுங்கிடத்தின் கூரையைத் துளைத்தன. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 400-க்கு மேற்பட்ட பொதுமக்கள் கருகிப் போனார்கள். கட்டளை மையம் என்று நினைத்தோம் என்றார்கள். 2021 ஆகஸ்ட் 29, காபூல். குடியிருப்பு ஒன்றின் முற்றத்தில் நின்ற காரின்மேல் டிரோனிலிருந்து ஏவுகணை. 10 பேர், அதில் 7 குழந்தைகள். அமெரிக்கக் கூட்டுப் படைத் தலைவர் மார்க் மில்லி அதை முதலில் நியாயமான தாக்குதல் என்றார். நியூயார்க் டைம்ஸ் தோண்டி எடுத்த பிறகு, செப்டம்பர் 17-இல், துயரமான தவறு என்று பென்டகன் ஒப்புக்கொண்டது. தண்டனை? ஒருவருக்கும் இல்லை.

இந்தப் பட்டியலை நீட்டுகிறவர்கள் இது ரஷ்யாவுக்குச் சாதகமாக முடிகிறது என்று நினைக்கிறார்கள். பட்டியல் சொல்வது வேறு. ‘தவறு’ என்ற சொல் எந்தக் கொடிக்கும் பொதுவான சலவைக்காரர். காபூலில் வெளுத்துக்கொடுத்த அதே சொல்தான் டினிப்ரோவிலும் வெளுத்துக்கொடுக்கிறது. காபூல் குழந்தைகளுக்காகக் கோபப்பட்ட ஒருவர், டினிப்ரோ என்றதும் ‘போர்ல சகஜம்’ என்றால், அவருக்குக் காபூல்மேல் அக்கறை இருந்ததில்லை. அமெரிக்காமேல் கடுப்பு இருந்தது, அவ்வளவுதான். இதையே திருப்பிப் போட்டாலும் பொருந்தும். அப்படிப் பொருந்துகிறவர்களுக்கும் பஞ்சமில்லை.

துல்லியமான ஆயுதம் கிடைத்தால் வீடுகள் தப்பிக்கும் என்ற நம்பிக்கையையும் இந்தப் போர் விட்டுவைக்கவில்லை. 2023 ஏப்ரல் 28 விடியற்காலை உமான் நகரில் ஒன்பது மாடிக் கட்டடமொன்றை இடித்து 23 பேரைக் கொன்றது பழைய கப்பல் ஏவுகணை அல்ல. அது கே.எச்-101, ரஷ்யாவிடம் உள்ள நவீன ரகங்களில் ஒன்று. 2025 ஜூலை 31-இல் கீவ் நகரில் ஒரே இரவுத் தாக்குதலில் 32 பேர். அவர்களில் பெரும்பாலானோர் ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தவர்கள். குறி தப்பும் ஆயுதமும் வீட்டில் விழுகிறது, குறி தப்பாத ஆயுதமும் வீட்டில் விழுகிறது என்றால், பழியை ஆயுதத்தின்மேலேயே போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

நம் மொழியும் இதில் ஒரு கை கொடுக்கிறது. ‘ஏவுகணை விழுந்து 46 பேர் பலி’ என்று தமிழில் தலைப்புப் போடுவது எவ்வளவு எளிது பாருங்கள். விழுவது தன்வினை. மாம்பழம் விழுகிறது, மழை விழுகிறது, ஏவுகணையும் விழுகிறது. ஏவினார்கள் என்று எழுதினால் யார் என்ற கேள்வி எழுந்துவிடும். ‘பலி’ என்பது இன்னும் சாமர்த்தியம். கோயிலில் கிடா பலியாகிறது என்றால் கொடுத்தவர் ஒருவர் இருப்பார், வெட்டியவர் இருப்பார், இரண்டு பேரின் பெயரும் ஊருக்குத் தெரியும். செய்தித்தாளில் மட்டும் பலி தானாகவே நடந்துவிடுகிறது, கொடுத்தவரும் இல்லை, கத்தி பிடித்தவரும் இல்லை. இடப்பற்றாக்குறையில் திணறும் உதவி ஆசிரியருக்கு மூன்றெழுத்தைவிடக் குறைவாக ஒரு சொல் கிடைத்தது லாபம்தான். நட்டம் யாருக்கு என்பது வேறு விஷயம்.

டினிப்ரோ விஷயத்தில் கத்தி பிடித்தவர்கள் அப்படியொன்றும் மறைவானவர்களும் அல்லர். ஏவியது ரஷ்யாவின் 52-ஆவது கனரகக் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவு என்று உக்ரைன் பெயரிட்டது. அது சேர்ந்திருக்கும் நெடுந்தொலைவு விமானப் படையின் தலைவராக இருந்த செர்கேய் கோபிலாஷ்மேல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 மார்ச் 5-இல் பிடியாணை பிறப்பித்தது. அது டினிப்ரோ வீட்டுக்காக அல்ல. 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை உக்ரைனின் மின்கட்டமைப்பைத் தாக்கிய குற்றச்சாட்டுக்காக. ஜூன் மாதம், பாதுகாப்பு அமைச்சராக இருந்த செர்கேய் ஷொய்குவுக்கும் படைத் தலைமைத் தளபதி வலேரி கெரசிமோவுக்கும் அதே காரணத்துக்காகப் பிடியாணை வந்தது. ஆனால் அந்தத் தேதிகளை ஒருமுறை கவனிக்க வேண்டும். ஜனவரி 14 அதற்குள்தான் வருகிறது. மின்நிலையத்தைத்தான் குறிவைத்தோம் என்பதை ஒரு தற்காப்பாக நெபென்சியா முன்வைத்தார்; ஹேக் நகரத்து நீதிபதிகள் மின்நிலையத் தாக்குதல்களையே குற்றச்சாட்டாக எழுதிவிட்டார்கள்.

மாஸ்கோவில் உக்ரைன் புல்வார் என்றொரு சாலை இருக்கிறது. அங்கே உக்ரைனியக் கவிஞர் லேஸ்யா உக்ரைன்காவின் சிலை. டினிப்ரோ தாக்குதலுக்குப் பிறகு யாரோ அந்தச் சிலையின் காலடியில் பூக்களை வைத்துவிட்டுப் போனார்கள், பிளந்த கட்டடத்தின் படத்தோடு. இன்னொருவர் வைத்தார். பிறகு பலர், ஒருவரை ஒருவர் பார்க்காமல், பேசாமல், பனியில் வந்து வைத்துவிட்டுத் திரும்பினார்கள். விபத்தில் செத்தவர்களுக்குப் பூ வைப்பதை எந்த அரசும் தடுப்பதில்லை. இங்கே பூக்கள் அகற்றப்பட்டன, சிலைக்குப் பக்கத்தில் போலீஸ் வண்டி வந்து நின்றது, பூவோடு வந்தவர்களில் சிலரைப் பிடித்து அதில் ஏற்றினார்கள். மறுநாள் வேறு ஆட்கள் வேறு பூக்களோடு வந்தார்கள்.